அடுப்பில் இருக்கிற பானையை விட்டுவையுங்கள்

செங்கல்பட்டு மாவட்டத்தில் வரி பாக்கிக்காக வங்கிக் கணக்கைப் பிடித்துவைக்கக் கையெழுத்துப் போடும் வணிகவரி, மத்திய ஜிஎஸ்டி, வருமான வரி அலுவலர்கள் அனைவருக்கும் சதுரங்கப்பட்டினத்திலிருந்து எழுதுகிறேன்.

இந்தக் கடற்கரையில் 22 ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். முதலில் விற்பனை வரி, பிறகு வாட், 2017 ஜூலையிலிருந்து ஜிஎஸ்டி. புதுப்பட்டினம் பஜாரில் பாத்திரக் கடை, ஹார்டுவேர் கடை, கல்பாக்கம் டவுன்ஷிப்பில் பெயின்ட் வேலை எடுக்கிற சின்னக் காண்ட்ராக்டர்கள், மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்கள், இரண்டு மூன்று லாட்ஜுகள் என்று ஏறத்தாழ 140 பேர் என்னை நம்பியிருக்கிறார்கள். மாதம் பிறந்தால் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் 3பி. உங்கள் துறை விதித்த தேதிகளில்தான் என் வாழ்க்கை ஓடுகிறது. உங்களோடு சண்டை போட இதை எழுதவில்லை. என் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2024 செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. பதினொரு மணி இருக்கும். மாமல்லபுரத்தில் கூடம் வைத்திருக்கும் சிற்பி ஒருவர், அறுபதைத் தாண்டியவர், பஸ் பிடித்து என் அறைக்கு வந்தார். கையில் போன். "தம்பி, பிளேடு வாங்கினேன். ஜிபே போகமாட்டேங்குது. கடைக்காரன் முன்னாடி மூணு தடவை அடிச்சுப் பார்த்துட்டேன்" என்றார். கல் அறுக்கிற மெஷினுக்கான பிளேடு. சர்வர் பிரச்சினையாக இருக்கும் என்று சொல்லி, அவரோடு வங்கிக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் கணக்கு எண்ணைத் தட்டினார். பிறகு பேசாமல் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

கணக்கில் இருந்த பணம் 58,300 ரூபாய். எடுக்கக்கூடிய பணம் என்ற இடத்தில் ஒரு கழித்தல் குறி. கழித்தல் 2,52,240. ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காத அந்த மனிதர் அந்தக் குறியைச் சரியாகப் புரிந்துகொண்டார். "நான் எப்ப தம்பி லோன் வாங்கினேன்?" என்று கேட்டார்.

லோன் இல்லை. 3,10,540 ரூபாய் வரி பாக்கி என்று வங்கிக்கு டிஆர்சி-13 நோட்டீஸ் வந்திருந்தது. வங்கி அந்தத் தொகைக்கு லியன் போட்டிருந்தது. மறுநாள் சனிக்கிழமை. சிற்பக் கூடத்தில் சனிக்கிழமை என்றால் கூலி நாள். ஐந்து பேருக்குக் கூலி கொடுக்க வேண்டும். வாரம் முழுக்க உளி பிடித்தவர்கள், கல் தூள் அப்பிய முகத்தோடு சாயங்காலம் ஆறு மணிக்குக் கைகால் கழுவிவிட்டு வந்து நிற்பார்கள். அவர்களிடம் போய் டிஆர்சி-13 என்று சொல்ல முடியுமா? அன்றைக்கு இரவே அவருடைய மனைவி தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு, சங்கிலியை அடகுக்கடைக்கு எடுத்துப்போனார். அந்தச் சங்கிலியைப் பற்றிக் கொஞ்சம் கழித்து மறுபடியும் பேச வேண்டியிருக்கிறது.

அந்தப் பாக்கி எப்படி வந்தது என்று தோண்டிப் பார்த்தேன். கல்லிலும் மரத்திலும் செய்த தெய்வச் சிலைகளுக்கு 2018 ஜூலை கடைசியில் ஜிஎஸ்டி விலக்கு வந்தது உங்களுக்குத் தெரியும். விநாயகர் செய்தால் வரி இல்லை. அதே கல்லில் தோட்டத்துக்கு யானை செய்தால் வரி உண்டு. அந்த மாற்றம் வந்த அடுத்த மாதமே அவர் ஒரு கோயில் திருப்பணிக்குப் பெரிய பில் ஒன்று போட்டார். 3பியில் அது விலக்குள்ள விற்பனை என்று சரியாகப் போயிருக்கிறது. ஜிஎஸ்டிஆர்-1இல் வரியுள்ள கட்டத்தில் விழுந்திருக்கிறது. இரண்டுக்கும் இடையே 1,46,000 ரூபாய் வித்தியாசம். ஐந்தரை வருட வட்டியும் அபராதமும் சேர்ந்து மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. தவறான கட்டத்தில் எண்ணை அடித்தவன் நான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2017இல் அவருக்குப் பதிவு எடுத்தபோது மின்னஞ்சல் முகவரி வேண்டும் என்றார்கள். அவருக்கு ஏது மின்னஞ்சல்? என்னுடையதைக் கொடுத்தேன். இந்தப் பக்கத்தில் பாதிக் கடைகளுக்கு அப்படித்தான், கணக்கு எழுதுகிறவரின் மெயிலும் மொபைல் எண்ணும்தான் போர்ட்டலில் இருக்கும். நோட்டீஸ் வந்திருக்கிறது, நினைவூட்டல் வந்திருக்கிறது, 2024 ஏப்ரலில் டிஆர்சி-07 உத்தரவும் வந்திருக்கிறது. எல்லாம் போர்ட்டலில் 'கூடுதல் நோட்டீஸ்களும் உத்தரவுகளும்' என்ற மூலையில் கிடந்தன. 140 பேருக்கு வரும் மெயில்களுக்கு நடுவே என் பெட்டியிலும் கிடந்தன. நான் திறக்கவில்லை. அந்தச் சங்கிலியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அதனால் தவறே இல்லாத ஒருவருக்காக வாதாடுகிறேன் என்று நினைக்காதீர்கள். வரியை வாங்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. பாக்கி வைத்துவிட்டு, நோட்டீஸ் வந்த அன்றே கணக்கைத் துடைத்து மச்சான் பேரில் மாற்றுகிறவர்களை எனக்குத் தெரியும். சரக்கே இல்லாமல் பில் மட்டும் ஓட்டி இன்புட் எடுத்த கும்பல்களைப் பற்றி நீங்களும் நானும் பேப்பரில் படித்திருக்கிறோம். அப்படிப்பட்டவர்களின் பின்னால் நீதிமன்றத்துக்கு நடந்தால் பத்து வருடம் ஆகும். ஜிஎஸ்டி சட்டத்தின் 79ஆம் பிரிவும், 1961 வருமான வரிச் சட்டத்தின் 226(3)ஆம் பிரிவும் அதற்காகத்தான் எழுதப்பட்டன. நீதிபதியின் கையெழுத்து வேண்டாம். வங்கிக்கு ஒரு தாள் போனால் போதும். பாஸ்புக்கைக்கூடக் காட்டச் சொல்ல வேண்டியதில்லை என்று வருமான வரிச் சட்டம் தனியாக எழுதி வைத்திருக்கிறது. வங்கி பணத்தைக் கட்டாமல் தட்டிக்கழித்தால் அந்த வங்கியே பாக்கிக்காரன் ஆகிவிடும். எந்தக் கிளை மேலாளர் தயங்குவார்?

இவ்வளவு பலமான கருவியை எப்படிக் கையாள வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

என் அறையிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் டச்சுக்காரர்களின் கோட்டை இருக்கிறது. செங்கல் மதில், உள்ளே கல்லில் எழுத்து வெட்டிய சமாதிகள், அந்தப் பக்கம் கடல். மெல்லிய துணிக்காக வந்தவர்கள் அவர்கள். இந்தக் கடற்கரையில் தறி வைத்திருந்தவன் எந்த ஆட்சியிலும் வரிக்குத் தப்பியதில்லை. பல்லவர் செப்பேடுகளிலேயே தறிக்கும் செக்குக்கும் தட்டானுக்கும் போட்ட வரிகள் இருக்கின்றன. கும்பினி காலத்தில் அதற்கு மொதர்பா என்று பேர். தறிக்கு வரி, கடைக்கு வரி, கைத்தொழில் செய்கிறவனுக்கு வரி. கட்டாதவனை என்ன செய்தார்கள் என்பது 1855இல் வெளிவந்த சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கையில் இருக்கிறது. விரல்களைக் கட்டைக்கு நடுவே வைத்து நெரிக்கும் கிட்டி. கழுத்தைக் கால் பெருவிரலோடு சேர்த்துக் கட்டி வெயிலில் குனிய வைக்கும் அண்ணாந்தாள். கஜுலு லட்சுமிநரசு செட்டியின் சென்னை சுதேசி சங்கம் 1852இல் லண்டன் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பிக் கத்திய பிறகுதான் அந்தக் குழுவே வந்தது.

அந்தக் காலத்தோடு உங்களை ஒப்பிடுகிறேன் என்று எண்ண வேண்டாம். அங்கிருந்து நாம் எப்படி வெளியே வந்தோம் என்பதைச் சொல்லத்தான் இதை எடுத்தேன். கைவைக்கக் கூடாத இடம் எது என்று ஒவ்வொன்றாக எழுதி வைத்து வெளியே வந்தோம். 1908 சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவை ஒரு தடவை எடுத்துப் படியுங்கள். நீதிமன்றத் தீர்ப்பே இருந்தாலும் கடன்பட்டவன் வீட்டில் ஜப்தி செய்யக் கூடாதவை என்று ஒரு பட்டியல் அதில் இருக்கிறது. உடுத்தும் துணி, சமைக்கும் பாத்திரம், படுக்கை, கைத்தொழிலாளியின் கருவிகள், உழவனின் ஏர்மாடு, சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை. 62ஆம் பிரிவு, பொழுது சாய்ந்த பிறகு வீட்டுக்குள் ஜப்திக்கு நுழையக் கூடாது என்கிறது. வருமான வரி வசூலுக்காக 1961 சட்டத்தில் வைத்த இரண்டாம் அட்டவணையும் இதே விலக்குகளை அப்படியே ஏற்றுக்கொண்டது.

என் பாட்டி சொல்வார். அவருடைய மாமனார் காலத்தில் ஒருமுறை வீட்டுக்கு அமீனா வந்தாராம். தெரு முழுக்க வேடிக்கை. அண்டா, குத்துவிளக்கு, பித்தளைக் குடம் என்று ஒவ்வொன்றாகத் திண்ணைக்கு வந்ததாம். அமீனா அடுப்படி வரைக்கும் போனார். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. "அது இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாராம். பாட்டிக்கு அது எந்தப் பிரிவு என்று தெரியாது. வந்தவன் சோற்றுப் பானையைத் தொடவில்லை என்பதை மட்டும் சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது அடுப்படி எங்கே இருக்கிறது? சிற்பியின் வீட்டு அரிசி, கேஸ் சிலிண்டர், பேத்தியின் வேன் காசு, பிரஷர் மாத்திரை, ஐந்து பேரின் கூலி எல்லாம் அந்த ஒரே கணக்கிலிருந்துதான் போகின்றன. தனி உரிமையாளர் கடை என்றால் வியாபாரப் பணம் வேறு, வீட்டுப் பணம் வேறு என்று கிடையாது. பான் எண் ஒன்றுதான். டீக்கடையில்கூட யாரும் இப்போது சில்லறை வைத்துக்கொள்வதில்லை. கணக்கைப் பிடித்தால் அண்டாவோடு சேர்ந்து பானையும் போய்விடுகிறது. உளியைத் தொடக் கூடாது என்று சட்டம் சொல்கிறது, சரி. அந்த உளியைச் சாணை பிடிக்கக் கொடுக்கும் காசு போய்விட்டதே. தாலிச் சங்கிலியில் கைவைக்க எந்த அமீனாவுக்கும் அதிகாரம் இல்லை. அந்த அம்மா அதைத் தன் கையாலேயே கழற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. பொழுது சாய்ந்த பிறகு போனார், தெருவில் யார் கண்ணிலும் பட வேண்டாம் என்று.

இதற்கு வழியே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பிரிட்டனில் வரித் துறைக்கு வங்கிக் கணக்கிலிருந்து நேராக எடுக்கும் அதிகாரத்தை 2015இல் சட்டமாக்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு அந்த யோசனை வந்ததுமே பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அதனால் சட்டத்தில் சில வேலிகளைப் போட்டார்கள். பாக்கி 1,000 பவுண்டுக்குக் கீழே இருந்தால் இந்த அதிகாரத்தைத் தொடக் கூடாது. எடுத்த பிறகும் அந்த ஆளின் கணக்குகளில் மொத்தமாக 5,000 பவுண்டாவது மிஞ்ச வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஓர் அலுவலர் அந்த ஆளை நேரில் பார்த்துப் பேச வேண்டும். ஜெர்மனியில் 2010இலிருந்து யார் வேண்டுமானாலும் தன் கணக்கைப் பாதுகாப்புக் கணக்காக மாற்றிக்கொள்ளலாம். எந்தக் கடன்காரன் வந்தாலும், வரித் துறையே வந்தாலும், மாதத்துக்கு ஒரு தொகையைத் தொட முடியாது. இப்போது அது 1,500 யூரோவுக்கு மேல். அந்த அரசாங்கங்கள் இதனால் வரி வாங்காமல் நின்றுவிடவில்லை.

நம் சட்டத்திலும் அப்படி ஒரு விதி எழுதப்பட வேண்டும். அது டெல்லியிலும் ஜிஎஸ்டி கவுன்சிலிலும் முடிவாக வேண்டிய காரியம். உங்கள் கையெழுத்தில் அது இல்லை. ஆனால் இன்றைக்கே, இருக்கிற சட்டத்துக்குள்ளேயே, உங்கள் கையில் இருப்பது கொஞ்சம் இல்லை.

நோட்டீஸ் எப்படிக் கொடுக்க வேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 169ஆம் பிரிவு சொல்கிறது. அந்த வரிசையில் முதலில் இருப்பது நேரில் கொடுப்பது, இல்லையென்றால் ஆள் மூலம் கொடுப்பது. பதிவுத் தபாலும் மெயிலும் பிறகு வருகின்றன. போர்ட்டல் அதற்கும் பிறகு. எந்த வழியில் கொடுத்தாலும் செல்லும் என்பது எனக்குத் தெரியும். போர்ட்டலில் ஏற்றினால் வேலை சுலபம் என்பதும் தெரியும். ஆனால் உத்தரவு ஏறி மூன்று மாதம் ஒருவன் வாயே திறக்கவில்லை என்றால், அப்பீல் போகவில்லை, தவணை கேட்கவில்லை, ஒரு கடிதம்கூடப் போடவில்லை என்றால், அவனுக்கு விஷயமே தெரியாமல் இருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்ற வேண்டாமா? வங்கிக்கு அனுப்பும் தாளில் கையெழுத்துப் போடும் முன் கடைக்கு ஓர் ஆளை அனுப்புங்கள். பெயர்ப் பலகையில் ஜிஎஸ்டி எண்ணை எழுதி மாட்டச் சொன்னதே உங்கள் விதிதான். கடை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை.

தவணையைப் பற்றியும் சொல்லுங்கள். 80ஆம் பிரிவின்படி உத்தரவில் வந்த பாக்கியை 24 மாதத் தவணை வரைக்கும் கட்டலாம். ரிட்டனில் தானே ஒப்புக்கொண்ட வரிக்கு மட்டும் அது கிடையாது. என்னிடம் வருகிற கடைக்காரர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட இது தெரியாது. அனுப்புகிற நோட்டீஸில் தமிழில் இரண்டு வரி இருந்தால் போதும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது இது. வங்கிக்கு அனுப்பிய நோட்டீஸை எப்போது வேண்டுமானாலும் திருத்தவோ திரும்பப் பெறவோ, பணம் கட்டும் கெடுவை நீட்டவோ, அதை அனுப்பிய அலுவலருக்கே 79ஆம் பிரிவு அதிகாரம் கொடுத்திருக்கிறது. யாரிடமும் போய் நிற்க வேண்டாம். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் நானும் சிற்பியும் அலுவலகத்துக்கு ஓடினோம். "கூலிக்கும் வீட்டுக்கும் மட்டும் விட்டுவிட்டு மிச்சத்துக்கு லியன் வையுங்கள், பத்து நாளில் காகிதம் எல்லாம் கொண்டுவருகிறேன்" என்று கேட்டேன். "சிஸ்டத்துல போயிடுச்சு, இனிமே எங்க கையில இல்ல" என்று பதில் வந்தது. சொன்னவர் கெட்டவர் இல்லை. அவர் மேஜையில் இருந்த ஃபைல்களைப் பார்த்தேன். 2018-19க்கான உத்தரவுகளை 2024 ஏப்ரல் 30க்குள் போட வேண்டும் என்று கெடு வந்து, மூச்சுவிட நேரமில்லாமல் போட்டுத் தள்ளியிருக்கிறார்கள். வசூல் இலக்கு என்று மேலிருந்து ஓர் எண் வேறு. ஆனால் அவர் கையில் இல்லை என்பது உண்மை இல்லை. சட்டத்தில் எழுதியிருக்கிறது, அவர் கையில்தான் இருந்தது.

கணக்கை முடக்கும் அதிகாரத்தைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் ராதா கிருஷன் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் சொன்னதையும் நினைவுபடுத்துகிறேன். விசாரணை முடியும் முன்பே கணக்கை முடக்குகிற 83ஆம் பிரிவைப் பற்றிய வழக்கு அது. மிகக் கடுமையான அதிகாரம், அரசின் வருவாயைக் காக்க வேறு வழி இல்லை என்பதற்குக் கையில் ஆதாரம் இருந்தால்தான் எடுக்க வேண்டும் என்றது தீர்ப்பு. உத்தரவுக்குப் பிறகு பணம் கட்டக் கொடுக்கும் மூன்று மாதக் கெடு முடியும் முன் வசூலில் இறங்குவதானால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று மத்திய வாரியமே 2024 மே 30இல் அறிவுறுத்தியது. மேலே இருப்பவர்களுக்கும் இந்த நிதானம் தேவை என்று தெரிந்திருக்கிறது. அது வசூல் பிரிவு மேஜை வரைக்கும் வந்து சேர வேண்டும்.

சிற்பியின் கதை என்னவாயிற்று? 58,300 ரூபாயும் அடுத்த வாரமே போய்விட்டது. அப்பீலுக்கு மூன்று மாதம், அதற்கு மேல் மன்னிக்கக்கூடிய ஒரு மாதம், இரண்டும் தாண்டிவிட்டதால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவதைத் தவிர வேறு கதவு இல்லை. அங்கே போன பிறகுதான் தெரிந்தது, அந்த ஆண்டு முழுக்க இதே கதையோடு மனுக்கள் வரிசையில் நின்றன. போர்ட்டலில் பார்க்கவில்லை, விசாரணையில் ஆஜராகவில்லை, கணக்கு முடங்கிவிட்டது. வரியில் பத்து சதவீதம் கட்டு, உத்தரவு ரத்து, மறுபடியும் விசாரி, கணக்கை விடுவி என்று நீதிபதிகள் தீர்ப்பு எழுதிக்கொண்டே இருந்தார்கள். எங்களுக்கும் அப்படித்தான் கிடைத்தது. ஏற்கெனவே எடுத்த பணத்தையே அந்தப் பத்து சதவீதத்தில் சேர்த்துக்கொண்டார்கள். மறு விசாரணையில் கோயில் பில், 3பி, திருப்பணிக் குழுவின் கடிதம் எல்லாவற்றையும் வைத்தோம். உண்மையில் கட்ட வேண்டியிருந்த வரி 9,480 ரூபாய். இரண்டு யானைச் சிலைகளுக்கு உரியது. அது நியாயமான பாக்கி, எடுத்ததில் கழித்துக்கொண்டார்கள். வழக்குச் செலவு அதைப்போல நான்கு மடங்கு ஆயிற்று. அதில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன். சங்கிலி தை மாதம்தான் மீண்டு வந்தது.

செப்டம்பரில் அந்த உத்தரவோடு ஒருவர் அந்தக் கூடத்துக்குப் போயிருந்தால், 9,480 ரூபாய் அன்றைக்கே கைக்கு வந்திருக்கும். திருப்பணி பில்லின் நகல் மேஜை இழுப்பறையில்தான் இருந்தது.

ஒரு விஷயத்தை உங்களுக்குத் தெரிவித்துவிட்டு முடிக்கிறேன். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு என்னிடம் கணக்கு வைத்திருக்கும் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், அவரவர் சொந்த மொபைல் எண்ணைப் போர்ட்டலில் ஏற்றி வருகிறேன். மெயில் இல்லாதவர்களுக்குப் பிள்ளைகளின் மெயில். மெய்யூர்க்குப்பத்தில் ஐஸ் வியாபாரம் செய்கிற ஒரு அம்மாவுக்குக் கல்லூரியில் படிக்கும் மகளின் முகவரியைப் போட்டிருக்கிறேன். 140 பேரில் 126 பேருக்கு முடிந்துவிட்டது. இனி அந்த எண்களில் அழைத்தால் உரியவர்களே எடுப்பார்கள். வங்கிக்குத் தாள் அனுப்பும் முன்பு ஒரு தடவை அழையுங்கள். சனிக்கிழமைகளில் ஆறு மணிக்கு முன்னால் அழைத்தால் நல்லது.

இப்படிக்கு,
சதுரங்கப்பட்டினத்தில் கணக்கெழுதும் ஒருவன்